சோதனைக்குக் கொடுத்த நீலம்

கண்ணை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லித்தான் அந்த நர்ஸ் பெண் சொட்டு மருந்து விட்டுப் போனாள். வாயை மூடச் சொல்லவில்லை. பாவை விரிய நாற்பது நிமிஷம் ஆகுமாம். உங்களுக்கும் அதே மருந்துதானே? நீங்கள் யார், வயது என்ன, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அண்ணா என்றே வைத்துக்கொள்கிறேன். இளையவராக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் காங்கயம். பெயர் அவிநாசியப்பன். கல் வியாபாரம். ஜல்லிக்கல் இல்லை, மோதிரத்தில் வைக்கிற கல். காங்கயம் என்றால் காளையும் தேங்காய் எண்ணெயும்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். எங்கள் பக்கத்து மண்ணில் கல்லும் உண்டு. மழை பெய்து ஓய்ந்தால் காட்டில் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறவர்களைப் பார்க்கலாம். பணத்தைத் தொலைத்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கல் பொறுக்குகிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்க் கல் வியாபாரிகள் சங்கத்து மினிட் புத்தகத்தில் என்னைத் திருடன் என்று எழுதியிருக்கிறது. எழுதியது வேறு யாருமில்லை, நான்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

என்ன திருடினேன் என்று கேளுங்கள். இரண்டாயிரம் ரூபாய்க் கல்லை எடுத்துக்கொண்டு, ஒன்றேகால் லட்ச ரூபாய்க் கல்லைக் கொடுத்தேன். அதற்குத்தான் திருடன். இப்படி ஒரு திருடன் உங்கள் தெருவில் இருந்தால் கதவைப் பூட்டுவீர்களா?

முதலில் கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் பிடிபடாது. நீலம் தெரியும் அல்லவா, சனி பகவானுக்கு உரிய கல். ஐயோலைட் என்று இன்னொரு கல் இருக்கிறது. நல்ல ஐயோலைட்டை நன்றாக வெட்டி, முகத்துக்கு நேரே வைத்தால் அதுவும் நீலமாகத்தான் தெரியும். கொஞ்சம் கத்தரிப்பூ ஓடும், அவ்வளவுதான். வாங்க வருகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். எங்களுக்கு அப்படியில்லை. நீலம் வைரத்துக்கு அடுத்த கடினம். ஐயோலைட்டை அது கீறிவிடும், ஐயோலைட்டால் அதைக் கீற முடியாது. நீலத்தின் முகத்தில் வெளிச்சம் பட்டால் வெட்டிக்கொண்டு வரும். ஐயோலைட்டில் பட்டால் ஜன்னல் கண்ணாடியில் பட்டதுபோல் வரும். அடுத்தது எடை. இரண்டையும் ஒரே அளவில், ஒரே அச்சில் வெட்டி வையுங்கள். ஐயோலைட் நாலு காரட் என்றால் நீலம் ஆறு காரட்டைத் தாண்டும். நீலத்தின் உடம்பு அவ்வளவு கெட்டி.

கடைசி வித்தியாசம்தான் என்னைக் கவிழ்த்தது. நீலத்தை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் நீலம்தான். ஒரு பக்கம் லேசாகப் பச்சை தட்டும், சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. ஐயோலைட்டை நேராகப் பார்த்தால் நீலம். அப்படியே பக்கவாட்டில் திருப்பினால் நிறம் போய்விடும். வெறும் தண்ணீர். இன்னும் ஒரு பக்கம் திருப்பினால் வைக்கோல் ஊறிய தண்ணீர். ஒரே கல்தான். பார்க்கிற திசைக்கு ஒரு நிறம். அதனால் வெட்டுகிறவர் நீலம் மேலே வருகிற மாதிரி பார்த்துத்தான் வெட்டுவார்.

இதெல்லாம் எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். லென்ஸ்கூட வேண்டாம். இப்போது புரை விழுந்தது இடது கண்ணில்தான். நான் கல் பார்ப்பது வலது கண்ணால். டாக்டர் வலதிலும் ஆரம்பித்துவிட்டது என்கிறார். அவருக்குக் கல்லைப் பற்றி என்ன தெரியும்?

சரி. நீலம் எல்லோருக்கும் ஒத்துவராது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒத்துவந்தால் தூக்கிவிடும், வராவிட்டால் கவிழ்த்துவிடும். அதனால் யாரும் நேராக வாங்கிப் போட்டுக்கொள்ள மாட்டார்கள். மூன்று நாள் சோதனை பார்ப்பார்கள். கல்லை நீலத் துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பது. கெட்ட கனவு, காய்ச்சல், சண்டை, மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுவது, இப்படி ஏதாவது நடந்தால் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஏன் எதற்கு என்று நாங்கள் கேட்கக் கூடாது. அதுதான் தொழில் மரியாதை.

நானும் ஆரம்பத்தில் அசல் நீலத்தைத்தான் சோதனைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருஷம் தாராபுரத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். விபூதி என்ன, கும்பிடு என்ன. மூன்று நாள் கழித்து வந்து, "நமக்கு ஒத்துக்கலீங்க" என்று முடிச்சைக் கொடுத்தார். அவிழ்த்துப் பார்த்தால் நீல நிறக் கண்ணாடி. மருந்து பாட்டிலை உடைத்துத் தேய்த்திருந்தார். அதிலும் வெட்டு அழகாக இருந்தது. என்ன செய்ய முடியும்? ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாதே.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். நாலேகால் காரட்டில் ஓர் ஐயோலைட் வாங்கினேன். இனிமேல் யாருக்கும் சோதனைக்கு அதுதான். சோதனையில் தேறிவிட்டால் அசல் நீலத்தை மோதிரத்தில் கட்டிக் கொடுத்துவிடுவேன். இருபத்திரண்டு வருஷம் அந்த ஒரே கல். முந்நூற்றுப் பதினேழு பேர் தலையணைக்கு அடியில் படுத்து எழுந்து வந்திருக்கிறது. நூற்றொன்பது பேருக்கு ஒத்துவரவில்லை. கனவில் எருமை வந்தது, மாமியார் வந்தாள் என்று திருப்பிவிட்டார்கள். இருநூற்றேழு பேர் அசல் நீலம் போட்டுக்கொண்டு நடமாடுகிறார்கள். மிச்சம் ஒருவர், அவர் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். இதில் யாரை நான் ஏமாற்றினேன்? நீங்களே சொல்லுங்கள். ஒத்துவராது என்று அந்தக் கல் காட்டிக்கொடுத்த நூற்றொன்பது பேரும் இன்றைக்குச் சௌக்கியமாக இருக்கிறார்கள். அவ்வளவு துல்லியம்.

நீங்கள் இருமுகிறீர்களா, சிரிக்கிறீர்களா என்று தெரியவில்லை. இருக்கட்டும்.

போன வருஷக் கோடையில் தெய்வசிகாமணி வந்தார். எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கிறார். மில்லுக்குப் பக்கத்தில் தேங்காய்ப் பருப்பு உலர்த்துகிற களம், மூன்று ஏக்கர் இருக்கும். பெரிய மனிதர், பெரிய குரல். அவர் களத்தில் நின்று ஆளைக் கூப்பிட்டால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். ஏழரைச் சனி பிடித்து ஆட்டுகிறது, ஜோசியர் நாலேகால் காரட் நீலம் போடச் சொல்லியிருக்கிறார் என்றார். சரி, சோதனை பாருங்கள் என்று முடிச்சைக் கொடுத்தேன். அவர் விவரமான ஆள். போகிற வழியில் நகைக்கடையில் நிறுத்தி எடை போட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டார். எண்ணூற்றைம்பது மில்லிகிராம். சரியாக நாலேகால் காரட்.

மூன்றாம் நாள் சாயந்திரம் வந்தார். அந்தப் பெரிய குரலைக் காணோம். என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"அவிநாசியண்ணா, மொத நாளு மேகம் கட்டுச்சு. களம் முச்சூடும் பருப்புக் கெடக்குது. ஒரு சொட்டு உழுகலீங்க. அப்படியே வெள்ளகோயல் பக்கம் போயிருச்சு."

"நல்லதுங்க."

"ரெண்டாம் நாளு, எட்டு வருசமா கோர்ட்டுல நிக்கற எம் பங்காளி, பேசித் தீத்துக்கலாம்னு ஆளு உட்டான்."

"நல்லதுங்க."

"இன்னைக்குக் காத்தால..." என்று நிறுத்தினார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மயிலாத்தா பேசுனாளுங்க."

மயிலாத்தாள் அவர் வீட்டுக்காரம்மா. ஏழு மாதமாக அந்தம்மா அவரிடம் பேசுவதில்லை என்பது ஊருக்கே தெரியும். ஏதோ ஒரு விருந்தில் எல்லோர் முன்னாலும் அந்தம்மாவை ஒரு சத்தம் போட்டிருக்கிறார். அன்றைக்கு வாயை மூடியவர்தான்.

"என்ன பேசுனாங்க?"

"இன்னொரு தோசை வெக்கட்டுமான்னு கேட்டா."

எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சரிங்க, கல் ஒத்துவந்துவிட்டது, விட்டுவிட்டுப் போங்கள், வியாழக்கிழமை மோதிரம் கட்டித் தருகிறேன் என்றேன். எண்பதாயிரம் பேசி முடித்தோம். எழுந்து வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"இதே கல்லுத்தானுங்களே?"

"அதுக்கென்னுங்க."

"இல்ல, இதுல ஒரு விசேசம் இருக்குதுங்க. நேராப் பாத்தா நீலம். ஓரமாப் பாத்தா தண்ணி. நானும் மூணு நாளாப் பாக்கறேன். ஜோசியர்கிட்டச் சொன்னேன். சனி நேராப் பாத்தாத்தான் வெனை, ஓரமாப் பாத்தா எரக்கம், அந்த மாதிரிக் கல்லு லேசுல அமையாதுன்னு சொன்னாரு."

அண்ணா, இருபத்திரண்டு வருஷத்தில் முந்நூற்றுப் பதினாறு பேர் அந்தக் கல்லைத் தலையணைக்கு அடியில் வைத்தார்கள். ஒருவன்கூட அதைத் திருப்பிப் பார்த்ததில்லை. இவர் பார்த்திருக்கிறார்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரி பாப்பாத்தியிடம் சொன்னேன். அவள் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "உள்ளதைச் சொல்லிப்போடுங்க." சொல்வது சுலபம். தெய்வசிகாமணியிடம் சொன்னால் அவர் குரலில் அது ஊர்வலம் போகும். முந்நூற்றுப் பதினேழு பேர் என் கடை வாசலில் நிற்பார்கள். எருமைக் கனவு கண்டவன், எங்கே என் கனவு என்பான். என் பெயர் என்ன ஆகிறது? இந்தத் தொழிலில் கல்லுக்கு விலையே பெயரை வைத்துத்தான்.

அந்த ஐயோலைட்டையே மோதிரத்தில் கட்டிக் கொடுத்துவிட்டு எண்பதாயிரத்தை வாங்கிப் போட்டிருக்கலாம். வேறு யாராவது என்றால் அதைத்தான் செய்திருப்பார்கள். நான் செய்யவில்லை. பெட்டியைத் திறந்து அசல் நீலம் தேடினேன். எடைக்குப் பொருந்தும் நீலம் இருந்தது, ஆனால் அளவில் சின்னது, பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். அளவுக்கும் அச்சுக்கும் அச்சு அசலாக ஒன்று இருந்தது. அது ஆறரைக் காரட். விலை ஒன்றேகால் லட்சம். போகட்டும், நாற்பத்தைந்தாயிரம் நட்டம், நேர்மைக்குக் கொடுத்த விலை என்று நினைத்துக்கொண்டு அதைக் கட்டிவிட்டேன். மோதிரத்தில் பொதிந்த பிறகு எடையை யார் பார்க்கப் போகிறார்கள்?

வியாழக்கிழமை எண்பதாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போட்டுக்கொண்டு போனார். சனிக்கிழமை மழை. களத்தில் கிடந்த பருப்பெல்லாம் நனைந்துவிட்டது. அவர் ஆட்களைக் கத்தியது எனக்கே கேட்டது. திங்கட்கிழமை பங்காளி மனம் மாறிவிட்டான். செவ்வாய்க்கிழமை மயிலாத்தாள் தோசையைத் தட்டில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். மனிதர் மோதிரத்தைக் கழற்றிப் பக்கவாட்டில் பார்த்திருக்கிறார். நீலம். இந்தப் பக்கம் பார்த்திருக்கிறார். நீலம். நேராக நகைக்கடைக்குப் போய் மோதிரத்தை எடை போட்டு, ரசீதில் ஆசாரி எழுதியிருந்த தங்கத்தின் எடையைக் கழித்திருக்கிறார். ஆயிரத்து முந்நூறு மில்லி கல்.

கடைக்கு வந்த வேகத்தில் ஸ்டூல் கவிழ்ந்தது.

"நாலேகால் காரட்டு எப்படிங்க ஆறரை ஆச்சு? கல்லு குட்டி போட்டுச்சா?"

"கூடத்தானுங்களே இருக்குது, கொறையலியே."

"எடையைக் கூட்டிக் குடுத்து எவ் வாயை அடைக்கப் பாக்கறீங்களா? எங் கல்லைக் குடுங்க. ஊரானுக்கு ஒத்துக்காத கல்லையெல்லாம் எந் தலையில கட்டிப்போட்டு, என்னோட கல்லை எடுத்து வெச்சுக்கிட்டீங்க. திருட்டுப் பயலுக கடைன்னு தெரியாமப் போச்சு."

பக்கத்து டீக்கடையில் டீ ஆற்றுகிறவர் டம்ளரை அந்தரத்தில் பிடித்தபடி நின்றார். நான் என்ன சொல்ல முடியும்? உங்களுக்குக் கொடுத்ததுதான் அசல், நீங்கள் கேட்பது இரண்டாயிரம் ரூபாய்ச் சரக்கு என்று சொல்ல வேண்டும். சொன்னால் முந்நூற்றுப் பதினேழு பேர். சும்மா நின்றேன். சும்மா நின்றால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம் செய்துகொள்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தைக் கூட்டிவிட்டார். பேக்கரிக்கு மேலே மாடியில் சங்கம். தலைவர் ரகமத்துல்லா பாய். எழுபது வயது. அவர் கல்லைக் கையில் வாங்கினால் கல்லே பேசிவிடும் என்பார்கள். சுற்றிலும் மற்ற வியாபாரிகள், பதினொரு பேர். தெய்வசிகாமணி மோதிரத்தை மேஜையில் வைத்தார். நான் ஐயோலைட் பொட்டலத்தை வைத்தேன். இரண்டு கல்லும் பக்கத்துப் பக்கத்தில். அண்ணா, இருபத்திரண்டு வருஷத்தில் இரண்டையும் அப்படி ஒரே மேஜையில் நான் வெளிச்சத்துக்கு வைத்ததில்லை.

பாய் மோதிரத்தை எடுத்தார். ஒரு தடவை திருப்பினார். வைத்துவிட்டார். பொட்டலத்தில் இருந்ததை எடுத்தார். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார். உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை லேசாகத் தூக்கிப்போட்டுப் பிடித்தார். பிறகு டீ சொன்னார். டீ வருவதற்குள் என் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது.

"மில்லுக்காரரே, உங்க கல்லு எது?"

"அதுதானுங்க பாய், உங்க கையில இருக்கறது. ஓரமாப் பாத்தாத் தண்ணி."

"நிச்சயமா இதுதான் வேணுமா? மோதிரத்துல இருக்கிறதைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லட்டுமா?"

"நீங்க என்ன சொன்னாலும் எனக்கு அது வேண்டாங்க. அது வந்த பொறகு நான் பட்டது எனக்குத்தான் தெரியும்."

பாய் தாடியைத் தடவினார். என்னைப் பார்த்தார்.

"ரெண்டு வழி இருக்கு அவிநாசி. ரெண்டு கல்லையும் லேபுக்கு அனுப்பலாம். கடினம் எவ்வளவு, எடை எவ்வளவு, வெளிச்சம் உள்ள போய் எப்படி உடையுது, எல்லாம் அளந்து ரிப்போர்ட் தருவாங்க. அதை இதே எடத்துல, எல்லார் முன்னாலயும், சத்தமாப் படிக்கலாம். இல்லேன்னா, நல்ல கல்லை எடுத்துக்கிட்டு வேற கல்லை மாத்திக் கட்டினேன்னு நீயே எழுதிக் குடுத்திடு. கல்லுக்குக் கல்லு மாறிக்கட்டும். பேசின விலை பேசினபடி."

லேப் என்றதும் அந்தப் பதினொரு பேரும் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார்கள். ஒருத்தர், "லேபெல்லாம் எதுக்குங்க பாய், நமக்குள்ள பேசித் தீத்துக்கலாம்" என்றார். இன்னொருத்தர், "தொழில்ல இதெல்லாம் வெளிய போகப்படாது" என்றார். மூன்றாவது ஆள் மினிட் புத்தகத்தை என் பக்கம் தள்ளிப் பேனா மூடியையும் கழற்றிக் கொடுத்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என் மானத்தின் மேல் அத்தனை பேருக்கும் அவ்வளவு அக்கறை இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

எழுதினேன். 'வாடிக்கையாளரின் உயர்ந்த கல்லை நான் பேராசையால் எடுத்துக்கொண்டு, மட்டமான கல்லை மாற்றிக் கட்டியது உண்மை.' மட்டமான என்ற சொல் பாய் சொன்னது. உயர்ந்த என்பது தெய்வசிகாமணி சொன்னது. பேராசையை நானே சேர்த்துக்கொண்டேன், வாக்கியத்துக்கு ஒரு கனம் வேண்டுமே என்று.

மாடிப்படியில் இறங்கும்போது பாய் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு முழங்கால் வலி. காதோடு சொன்னார்: "நல்ல வெட்டு அவிநாசி உன்னோடது. என்கிட்ட இருக்கிறது ஓரமெல்லாம் தேஞ்சு போச்சு." எதைச் சொல்கிறார் என்று பேக்கரி வாசலுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் அவர் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்து பாப்பாத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். முடித்த பிறகு சொன்னாள்:

"உள்ளதைச் சொல்லியிருந்தா ரெண்டு நாளு அவமானம். இது ஒரு நாளு அவமானம். ஒரு நாளை மிச்சம் பண்ணிட்டு வந்திருக்கறீங்க. அந்த எம்பதாயிரம்?"

அதுதான் சிக்கல். மோதிரத்துக்கு ஆசாரி கூலி போக அந்தப் பணம் என்னிடமேதான் இருந்தது, நீலமும் என்னிடம் திரும்பிவிட்டது. திருப்பிக் கொடுக்கலாம் என்றுதான் எனக்கும். என்ன சொல்லிக் கொடுப்பது? மட்டமான கல்லைக் கொடுத்தபோது வாங்கிய பணத்தை, உயர்ந்த கல்லைக் கொடுத்த பிறகு எதற்குத் திருப்பிக் கொடுக்கிறான் என்று கேட்க மாட்டார்களா? பாங்கில் தனியாகப் போட்டு வைத்தேன். தொடவில்லை. இந்த ஆபரேஷனுக்கு மட்டும் கொஞ்சம் எடுத்தேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் மில்லுக்கே போனேன். தெய்வசிகாமணி களத்தில் நின்றிருந்தார். விரலில் ஐயோலைட். மெதுவான குரலில் ஆட்களுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தனியாகக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். அது நீலமே இல்லைங்க, ஐயோலைட், இரண்டாயிரம் ரூபாய், சோதனைக்கு மட்டும் வைத்திருந்தது, உங்களுக்கு நான் மாற்றிக் கட்டினதுதான் அசல். ஒன்று விடாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக உண்மை பேசியதில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் என் தோளில் தட்டினார்.

"இன்னும் அந்தக் கல்லு மேல ஆசை போகலீங்களா அவிநாசியண்ணா?"

"ஐயோ, அப்படியில்லீங்க."

"மொதல்ல மாத்துனீங்க. பஞ்சாயத்துல தோத்தீங்க. இப்பப் போலின்னு சொல்லி என்னைக் கழட்ட வெச்சு வாங்கிக்கலாம்னு பாக்கறீங்க. எனக்குக் கோவம் வல்லீங்க. பழைய ஆளா இருந்தா வேற மாதிரிப் பேசியிருப்பேன். போயிட்டு வாங்க."

திருடன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் உண்மை சொன்னால் யார் வாங்கிக்கொள்வார்கள்? நான் கேட்டைத் தாண்டும்போது மயிலாத்தாள் பின்னாலேயே வந்தார். கையில் ஒரு லிட்டர் எண்ணெய். நாங்கள் பேசியதை எண்ணெய் ஊற்றுகிற அறையிலிருந்து கேட்டிருக்கிறார்.

"அண்ணா, இதைக் கொண்டு போங்க. ஒண்ணு கேட்டா நெசத்தைச் சொல்லோணும். அது நீலம் இல்லீங்களா?"

"இல்லீங்க அம்மணி."

"நல்லதாப் போச்சு. நெசமான நீலம் போட்டிருந்த அஞ்சு நாளும் மனுசன் ஆடுன ஆட்டம் போதும்." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "நீலம் போட்டிருக்கறவன் சத்தம் போடப்படாது, போட்டாச் சனி திரும்பிக்கும்னு ஜோசியர் சொல்லியிருக்கறாருங்க. கோவம் வந்தா விரலைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கறாரு. தண்ணியாத் தெரியுதாம், கொஞ்ச நேரத்துல எறங்கிருது. இருவத்தாறு வருசத்துல இப்பத்தான் நான் நிம்மதியாச் சாப்படறேன். அதைக் கழட்டச் சொல்லாதீங்க. ஆரு வந்து கேட்டாலும் நீலம்னே சொல்லுங்க."

"திருடன்னு எழுதிட்டாங்க, இப்பப் பொய்யும் சொல்லச் சொல்றீங்களா?"

"எழுதுனது எழுதியாச்சுங்களே. அது கூடவே இதையும் சேத்துக்கங்க."

எண்ணெயை வாங்கிக்கொண்டு வந்தேன். நல்ல எண்ணெய். எண்பதாயிரத்தைப் பற்றி அந்தம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதபோது நாமாக எடுப்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன்.

அந்த எண்ணெயைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்துவிட்டு, மயிலாத்தாள் சொன்னதைப் பாப்பாத்தியிடம் ஒப்பித்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, பணம்கூடத் திருப்ப வேண்டியதில்லை என்று சொன்னேன். அவள் எண்ணெயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

அதோடு சரி. பதினாலு மாதம் ஆகிறது அண்ணா. பாப்பாத்தி என்னோடு பேசுவதில்லை. சோறு வைக்கிறாள், துணி துவைக்கிறாள், கண் தெரியவில்லை என்றால் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்க விடுகிறாள். பேச்சு மட்டும் இல்லை. எதிர் வரிசையில் என் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். கண்ணை மூடியிருப்பதால் இப்போது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அவள்தான். சற்று முன்னால் நர்ஸ் என் வயதைக் கேட்டபோது, "அவருகிட்டயே கேளுங்க, அவரு சொல்றதைத்தான் எழுதிக்கோணும்" என்றாளே, கேட்டீர்களா?

எனக்கும் சனி பிடித்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அந்த ஆறரைக் காரட் நீலத்தை என் விரலிலேயே போட்டுக்கொண்டேன். சோதனைகூடப் பார்க்கவில்லை. அசல் கல், எதற்குச் சோதனை? இதோ, கையை நீட்டுங்கள், தொட்டுப் பாருங்கள். தினம் காலையில் தோசை வைக்கும்போது அவள் வாயைத் திறக்கிறாளா என்று பார்ப்பேன். திறக்காவிட்டால் விரலைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்ப்பேன்.

எந்தப் பக்கம் திருப்பினாலும் நீலமாகவேதான் இருக்கிறது.